பிறைக்குத் திருப்பிய திகதி

குஞ்சம்மா கதிரையின் நுனியில்தான் இருந்தாள். மடியில் ஒரு சீலைக்கடைப் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, அவள் கூட்டித் துடைக்கும் அரசாங்கக் கந்தோரில் கொடுத்த சேவைக் கடிதம். பையின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று அவள் இருந்த மூலைக்கு வரவில்லை. உடுத்தியிருந்த நீல மேற்சட்டையில் பினாயில் வாசம் இன்னும் இருந்தது. விடியவே கந்தோரைக் கூட்டி, கக்கூஸ் இரண்டையும் கழுவி, அரை நாள் லீவு கேட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள்.

கல்முனைச் சந்தைக்குப் போகும் வழியில் அப்துல் ஸமட் ஹாஜியாரின் கொமினிகேசன் கடை அது. போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், பரீட்சை முடிவு, பாஸ்போட் படம், எந்த விண்ணப்பமும் ஒன்லைனில் போட்டுத் தரப்படும் என்று வெளியே பலகை தொங்கியது. பலகையில் இருந்த அவ்வளவு வேலைக்கும் உள்ளே ஒரே ஆள்தான், றிஸ்மி. கட்டாரில் ஒரு சாமான் கிடங்கில் கொம்பியூட்டரில் கணக்குப் பதிந்தவன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது ஊருக்கு வந்து, எனக்குக் கொம்பியூட்டர் எல்லாம் அத்துப்படி என்று ஹாஜியாரிடம் சொல்லி இந்தக் கதிரையைப் பிடித்தான். அத்துப்படி என்றது கொஞ்சம் கூடத்தான். வேலை கேட்டுப் போகிறவன் வேறு எப்படிச் சொல்லுவான்?

"திறந்திட்டா தம்பி?"

"இல்லக்கா. இன்னும் சுத்துது."

சுற்றி முடிந்ததும் முன்னைப்போல அதே பக்கம்தான் வந்தது. ஒரு சிவப்பு முக்கோணம். அதற்குக் கீழே உங்கள் இணைப்புக்குப் பாதுகாப்பில்லை என்று இங்கிலீசில் பெரிய எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் நாலைந்து வரி. றிஸ்மி பெரிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினான். நோன்பு பதினாறு. விடியுமுன் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பியது, தலை கனத்துக்கொண்டிருந்தது.

புரவுசரை மூடித் திறந்தான். பழைய பதிவுகளை எல்லாம் அழித்தான். மேசைக்குக் கீழே குனிந்து ரவுட்டரின் வயரைக் கழற்றி, ஊதி, திரும்பக் கொழுவினான். பச்சை லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பற்றின. திரும்ப அடித்தான், முக்கோணம். வேறு புரவுசரில் அடித்தான். அதிலும் முக்கோணம்தான், நிறம் மட்டும் வேறு. தன் போனிலிருந்து டேட்டாவைக் கொம்பியூட்டருக்கு எடுத்துப் பார்த்தான். அப்போதும் அதுவே.

சோதிப்போம் என்று ஒரு செய்தித் தளத்தை அடித்தான், டக்கென்று வந்தது. கிரிக்கெட் ஸ்கோர் வந்தது. வீடியோவும் ஓடியது. குஞ்சம்மாவின் விண்ணப்பத் தளம் ஒன்றுதான் வர மறுத்தது.

"எல்லாச் சைட்டும் வேல செய்யுது அக்கா. இதுதான் இல்ல. கடைசி நாள் எண்டதால நாடு முழுக்க ஆக்கள் விழுந்தடிச்சிப் போடுறாங்க போல. அதான் ஏலாம நிக்குது."

"பின்னேரம் நாலு மணியோட பூட்டிடுவாங்களாம் தம்பி."

"அதுக்குள்ள திறக்கும்."

அவள் தலையாட்டினாள். பிறகு, கேட்காமலே, சொல்லத் தொடங்கினாள். "முந்தியே வந்திருப்பன். கடிதத்தில எங்கட கந்தோர் ஐயா ஒப்பம் வெச்சது நேத்துப் பின்னேரம்தான். ரெண்டு கிழமையா அவர்ர மேசையிலயே கிடந்தது. நான்தானே விடிய விடிய அந்த மேசயத் துடைக்கிறன், கண்ணால கண்டு கண்டுதான் துடைச்சன். கேட்டா நாளைக்கு எண்டுவாரு. நேத்து நான் அழுதிட்டன். அதுக்குப் பொறகுதான் பேனைய எடுத்தவரு."

"எத்தின வருசமா வேல செய்றீங்க?"

"பதினொரு வருசம். எல்லாம் அமைய வேலதான். வந்த நாளைக்குத்தான் சம்பளம், காய்ச்சலெண்டு படுத்தா இல்ல. இப்பதான் எங்களப்போல ஆக்கள நிரந்தரமாக்கப் போறாங்களாம். இந்த முற விட்டா மறுகா எனக்கு வயசு கூடிப்போயிடும், எடுக்க மாட்டாங்க." அவள் பையைத் தடவினாள். "மனிசன் முதுகு நோவோட கடலுக்குப் போறத்த விட்டுட்டாரு. நான் ஏலாமப் போற அண்டைக்கு ஒரு பென்சன் எண்டு வந்தாக் காணும் தம்பி. வேற ஒண்டும் வேணாம்."

மத்தியான லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லியது. பள்ளிவாசலில் சொல்வதற்கு முன்னமே கடைக் கொம்பியூட்டரில் இருந்த மென்பொருள் ஸ்பீக்கரில் சொல்லிவிடும். ஹாஜியாருக்கு அதில் தனிப் பெருமை. திரையின் பாதியில் அது எந்நேரமும் திறந்தே கிடக்கும், பச்சை நிறத்தில், நடுவில் பெரிய எழுத்தில் நோன்பின் இலக்கத்தோடு. சுற்றுக் கடைக்காரர்கள் நோன்பு திறப்பது இந்த ஸ்பீக்கரைக் கேட்டுத்தான்.

பாங்கு முடியும்வரை குஞ்சம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு இருந்தாள். முடிந்ததும் எழும்பினாள்.

"தம்பி, கோவிக்காதீங்க. நான் எதிர்க் கடையிலயும் ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டா?"

எதிர்க் கடை றுஸ்தாவின் கடை. புதுக் கொம்பியூட்டர் இரண்டு, கண்ணாடிக் கதவு. அது வந்த நாளிலிருந்து ஹாஜியார் ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கதவுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்பார். றிஸ்மி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எங்க போனாலும் இதுதான் அக்கா. பிழ சைட்டுல. அங்க போய் நிண்டா இஞ்ச திறக்கிற நேரம் நீங்க இருக்க மாட்டீங்க. பேசாம இருங்க, நான் போட்டுத் தாறன்."

குஞ்சம்மா இருந்தாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாலு மணியும் வந்தது. வெளியே சமோசா வண்டிக்காரன் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். றிஸ்மி கடைசித் தரமும் அடித்தான். முக்கோணம்.

"முடிஞ்சா தம்பி?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் நீட்டுவாங்க அக்கா. இப்பிடிச் சைட் படுத்தா நீட்டுறதுதான் வழக்கம்." வழக்கமோ இல்லையோ அவனுக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னான்.

"அப்ப இதை ஒரு படம் எடுத்துத் தருவீங்களா? நான் வந்தனான், இருந்தனான், வேல செய்யல்ல எண்டு ஐயாட்டக் காட்டுறத்துக்கு." தன் போனை நீட்டினாள். திரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெடிப்பு ஓடிய போன். "முழுசா விழட்டும் தம்பி, மூல முடுக்கெல்லாம்."

றிஸ்மி எழும்பி, கொஞ்சம் பின்னுக்குப் போய், மூலை முடுக்கெல்லாம் விழும்படியாக எடுத்துக் கொடுத்தான். அவள் கொடுத்த காசை வாங்கவில்லை.

"நோம்போட எனக்காக எவ்வளவு பாடுபட்டுட்டீங்க. கடவுள் உங்களுக்குக் குடுப்பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுதுபட, மஃரிபுக்கு, ஹாஜியாரும் அவனும் கடைக்குள்ளேயே நோன்பு திறந்தார்கள். பேரீச்சம்பழம், பள்ளிக் கஞ்சி, இரண்டு சமோசா. கஞ்சி உள்ளே போனதும் றிஸ்மிக்குத் தலை தெளிந்தது. நாள் நீட்டியிருப்பார்களோ பார்ப்போம் என்று, ஒரு கையில் கோப்பையோடு, போனில் அந்தத் தளத்தை அடித்தான்.

உடனே திறந்தது.

சுற்றவில்லை, திணறவில்லை. இலச்சினை, தலைப்பு, விண்ணப்பிக்க என்று ஒரு நீலப் பொத்தான். பொத்தானை அமத்தினான். விண்ணப்ப காலம் முடிவடைந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தான். கொம்பியூட்டரில் அடித்தான். முக்கோணம். இப்போதுதான், முதல் முறையாக, கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தான். அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்று இன்னும் செல்லுபடியாகவில்லை, உங்கள் கருவியின் திகதியைச் சரிபார்க்கவும் என்றிருந்தது. உள்ளே தட்டிப் பார்த்தான். புதுச் சான்று அன்றைக்குத்தான் போட்டிருக்கிறார்கள், மார்ச் இருபத்தேழிலிருந்து செல்லும். திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில், மணிக்குப் பக்கத்தில், இருபத்தாறு என்றிருந்தது. கொம்பியூட்டருக்கு அந்த நாள் இன்னும் பிறக்கவில்லை.

அந்த இருபத்தாறை வைத்தவன் அவனே.

முதல் நோன்பு அன்று பாங்கு மென்பொருள் இரண்டு என்று காட்டியது. எங்கோ வெளிநாட்டில் செய்தது, அதன் கணக்கு சவூதிப் பிறைக்கு. ஊரில் பிறை கண்டது அதற்கு அடுத்த நாள். பக்கத்து இரும்புக்கடைப் பக்கீர் முகைதீன் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஹாஜியார்ர கொம்பியூட்டர் மட்டும் மக்காவில நோம்பு பிடிக்குது போல." கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஹாஜியாரின் முகம் செத்துப்போனது. "டேய், இத ஒண்டாக்குடா," என்றார். றிஸ்மி மென்பொருளுக்குள் தேடினான், மாற்றுகிற இடம் அகப்படவில்லை. ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். கொம்பியூட்டர் தானாக நேரம் எடுக்கிறதை நிறுத்திவிட்டு, திகதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினான். இரண்டு ஒன்றானது. "படிச்சவன் படிச்சவன்தான்," என்று ஹாஜியார் எல்லாருக்கும் கேட்கத் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு கடிதம் அடிக்கும்போது திகதியைக் கையால் மாற்றிக்கொள்வான். போகப்போக அந்த மூலையைப் பார்ப்பதே இல்லை.

அவன் மெல்ல விசயத்தைச் சொன்னான். ஹாஜியார் சமோசாவைக் கடித்தபடி கேட்டார்.

"அந்தப் பொம்பிளைக்குத் தெரியுமா?"

"தெரியா."

"அப்ப ஏன் கிளறுறாய்? நீ வேணுமெண்டு செய்யல்லயே. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"எதிர்க் கடைக்குப் போகட்டா எண்டு கேட்டவ, ஹாஜியார். நான்தான் மறிச்சன்."

ஹாஜியார் வாயைத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ரமழானில் ஏழைகளுக்கு அரிசி கட்டிக் கொடுக்கிறவர். "கேளு றிஸ்மி. இது வெளிய போனா நாளைக்கு இந்தக் கடைக்கு ஒருத்தன் வர மாட்டான். முழுப் பேரும் றுஸ்தாட கடைக்குத்தான். மறுகா நான் உன்ன எதுக்கு வெச்சிருக்க? அந்தப் பொம்பிளைக்கு வேல கிடைக்காட்டி அது அவட நஸீபு, தலையெழுத்து. உனக்கு வேல போனா அது என்ன, அதையும் யோசி. திகதியிலயும் கை வெக்காத. பெருநாள் வரைக்கும் இப்பிடியே இருக்கட்டும். பக்கீர் முகைதீன் திரும்பவும் சிரிக்க நான் விடமாட்டன்."

மிச்சக் கஞ்சி ஆறிப்போனது. அன்று இரவு தராவீஹ் தொழுகையில் நின்றபோது இமாம் ஓதிய ஒரு எழுத்தும் அவன் காதில் விழவில்லை. பேசாம இருங்க, நான் போட்டுத் தாறன் என்று அவனே சொன்னதுதான் விழுந்துகொண்டிருந்தது. போனை எடுத்து ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தத் தளத்தை அடித்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை? டேட்டாவை எடுத்துக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தவன், அதே போனில் பார்க்கவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் வியாழக்கிழமை. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் குஞ்சம்மா வந்தாள். நீலச் சட்டை, கையில் போன். முகம் வாடியிருந்தது.

"தம்பி, ஐயா நம்புறாரில்ல. படத்தப் பெரிசாக்கிப் பாத்திட்டு, இது முந்தநாள் எடுத்த படம் எண்டுறாரு. மூலையில இருபத்தாறு எண்டு கிடக்காம். கடைசி நாள் போகாம இருந்திட்டு, பழைய படத்தக் கொண்டுவந்து பொய் சொல்றியா எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசிட்டாரு." குரல் இறங்கியது. "பதினொரு வருசத்தில என்ன ஒருத்தரும் கள்ளி எண்டதில்ல தம்பி."

றிஸ்மி மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

"நீங்க ஒருக்கா வந்து சொன்னாக் காணும். நேத்துத்தான் வந்தது, சைட்தான் வேல செய்யல்ல எண்டு. நோம்பு பிடிச்ச மனிசன் பொய் சொல்ல மாட்டாரு, ஐயா உங்கள நம்புவாரு."

அவள் இதை மனதாரத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் போலிருந்தது. ஹாஜியார் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கடதாசிக் கட்டைப் பிரிக்கிற மாதிரி நின்றார்.

"லுஹருக்குப் பொறகு வாறன் அக்கா," என்றான்.

கந்தோர் பழைய கட்டிடம். வராந்தாவில் மணல் ஒரு துளி இல்லாமல் கூட்டியிருந்தது. நிருவாக ஐயாவின் அறையில் சுவரில் நாட்கலண்டர், இருபத்தெட்டு. கிழித்த தாள் கீழே கூடைக்குள் கிடந்தது. ஐயா றிஸ்மியின் வயதுக்காரர்தான், நல்ல மரியாதையாகக் கதைத்தார், இருக்கச் சொன்னார்.

"இஞ்ச பாருங்க தம்பி. எனக்கு இந்த மனிசியில ஒரு கோபமும் இல்ல. ஒண்டே ஒண்டு சொல்லுங்க. சைட் வேல செய்யல்லயா, உங்கட மெஷின் வேல செய்யல்லயா? சைட் எண்டா நான் மேலிடத்துக்கு எழுதலாம். வேற இடங்களிலயும் சைட் சுணங்கினதெண்டு சில பேர் சொல்லியிருக்காங்க, அவங்களோட இவட பேரையும் சேத்து அனுப்பலாம். உங்கட மெஷின் எண்டா நான் ஒண்டும் செய்ய ஏலாது."

றிஸ்மி வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்வதற்குத்தான் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு வந்தான். இப்போது பார்த்தால் உண்மை குஞ்சம்மாவுக்கு உதவாது, பொய்தான் உதவும். நோன்போடு சொல்லப்போகும் பொய்.

"சைட்தான் சேர்."

"அப்ப இந்தப் படம்?"

"படம் நேத்து எடுத்ததுதான் சேர். நான்தான் எடுத்தன். பாருங்க." குஞ்சம்மாவின் போனை வாங்கி, படத்தின் விபரத்தைத் திறந்தான். எடுத்த நாள் இருபத்தேழு என்று தெளிவாக இருந்தது. ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் கள்ளி இல்லை என்று காட்டியாயிற்று.

ஐயா போனை வாங்கிப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். திரும்ப விபரத்தைப் பார்த்தார்.

"போன்ல இருபத்தேழு. உங்கட மெஷின்ல இருபத்தாறு."

"ஓம் சேர்."

"அப்ப மெஷின் ஒரு நாள் பின்னுக்கு நிண்டிருக்கு."

றிஸ்மி சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான்.

"திகதி பிழையா இருந்தா இப்பிடித்தானே தம்பி காட்டும். இதுல எழுதியும் இருக்கே." ஐயா அந்தச் சின்ன எழுத்தை விரலால் காட்டினார். குரலில் கோபம் இல்லை. "அப்ப சைட்டுக்கு ஒண்டுமில்ல. நேத்து இந்தக் கந்தோரிலயே ரெண்டு பேர் போட்டவங்க, போனிலதான் போட்டவங்க. ஏன் மெஷின்ல திகதி பிழ?"

"பிறைக்கு... பாங்குச் சொப்ட்வெயாருக்காக மாத்தினது சேர்."

ஐயா போனை மேசையில் வைத்து அவன் பக்கம் தள்ளினார். "இத நான் மேலிடத்துக்கு எப்பிடி எழுதுற? தனியார் கடையிட பிழைக்குத் திணைக்களம் பொறுப்பில்ல. கடைசி நாள் வரைக்கும் வெச்சிக்கொண்டிருந்தது இந்த மனிசியிட பிழ."

"கடிதத்தில நீங்க ஒப்பம் வெச்சது முந்தநாள்தானே சேர்."

அது எப்படி வாயில் வந்ததென்று றிஸ்மிக்குத் தெரியவில்லை. ஐயா மேசையில் கிடந்த கோப்புகளை நேராக்கினார்.

"அது வேற கதை," என்றார். கதவுப் பக்கம் திரும்பி, "குஞ்சம்மா, தேத்தண்ணி," என்று கூப்பிட்டார்.

அவள் தட்டில் ஒரே ஒரு கோப்பை கொண்டுவந்தாள். றிஸ்மிக்கு நோன்பு என்று அவளுக்குத் தெரியும். கோப்பையை வைத்துவிட்டு, றிஸ்மியின் முகத்தைப் பார்த்தாள், ஐயாவின் முகத்தைப் பார்த்தாள், தட்டோடு வெளியே போனாள்.

வராந்தாவில் தூணோடு நின்றாள்.

"என்ன சொன்னவரு தம்பி?"

"ஏலாதாம் அக்கா." அவளுடைய போனைக் கொடுத்தான். "நீங்க பொய் சொல்லல்ல எண்டு அவருக்கு விளங்கிட்டு. அத நான் காட்டிட்டன்."

"மறுகா ஏன் ஏலாதாம்?"

இதுதான் நேரம். இருவரும் தனியே நின்றார்கள், ஹாஜியார் இல்லை, ஐயா இல்லை.

"நேரம் போயிட்டுதாம்," என்றான்.

குஞ்சம்மா போனை மேற்சட்டைப் பைக்குள் வைத்தாள். "நோம்போட வெயிலுக்குள்ள வந்தீங்க. போயிட்டு வாங்க தம்பி," என்றாள். பிறகு சுவரில் சாத்தியிருந்த தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் கடையில் றிஸ்மி செய்த வேலை ஒன்றும் சரிவரவில்லை. ஒருவரின் பாஸ்போட் படத்தை இன்னொருவரின் பெயரில் போட்டான். பத்துக் கொப்பி கேட்டவருக்கு இரண்டு பக்கமும் தலைகீழாக அடித்தான். ஹாஜியார் கந்தோரில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பெருநாளைக்கு உன்ட புள்ளைக்கு உடுப்பு எடுக்க நாளைக்கு வெள்ளனப் போ, நான் கடையப் பாக்கன் என்று மட்டும் சொன்னார். அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதும் அவர் பள்ளிக்குப் போனார்.

றிஸ்மி தனியே இருந்தான். பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் மேசையில் எடுத்து வைத்தான். வாசலில் நிழல் விழுந்தது. குஞ்சம்மா. தோளில் அதே சீலைக்கடைப் பை, கையில் நூல் கட்டிய வெள்ளரிப்பழம் ஒன்று. வெடித்துக் கனிந்த பழம், கடை முழுக்க வாசம் வந்தது.

"நோம்பு திறக்க வெச்சிக்கொள்ளுங்க தம்பி. உங்கட வீட்டயும் கொண்டு குடுங்க. நேத்துக் காசும் வாங்கல்ல, இண்டைக்கு அவ்வளவு தூரம் வந்தும் கதச்சீங்க."

"வேணாம் அக்கா."

"வேணாமெண்டு சொல்லாதீங்க. சந்தையில பாத்து எடுத்தது."

பழத்தை மேசையில் வைத்தவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். பச்சையில் பதினேழாம் நோன்பு என்று சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஐயா காலையில் படத்தில் விரல் வைத்துக் காட்டிய அந்த மூலையைத்தான் பார்த்தாள்.

"தம்பி, இதுல இருபத்தேழு எண்டுதானே கிடக்கு."

றிஸ்மி வெள்ளரிப்பழத்தை ஒரு பக்கம் நகர்த்தினான்.

"நான் இண்டைக்கு விடிய ஐயாட கலண்டர்ல இருபத்தேழக் கிழிச்சிப் போட்டன். இதுல இன்னும் இருபத்தேழு நிக்குது." அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இதுகள் விளங்காது தம்பி. பிழையெண்டா பிழையெண்டு சொல்லுங்க. ஒருக்கா அமத்திப் பாக்கக் கூடாதா?"

"அக்கா, அது..."

"ஒருக்காத் தம்பி."

அவன் கை சுட்டியில் போனது. நேற்று முழு நாளும் அடித்த அதே முகவரி. அமத்தினான்.

முக்கோணம் வரவில்லை. மெஷினுக்கு அன்றுதான் இருபத்தேழு. புதுச் சான்றின் நாள் அதற்கும் வந்துவிட்டது. இலச்சினை வந்தது, தலைப்பு வந்தது, விண்ணப்பிக்க என்ற நீலப் பொத்தான் வந்தது. அதற்குக் கீழே முடிவுத் திகதி மார்ச் இருபத்தேழு என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"திறந்திட்டுதே தம்பி," என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "கடவுளே, திறந்திட்டுதே."

பொத்தானை அமத்தினால் என்ன வரும் என்று றிஸ்மிக்கு நேற்றே தெரியும். நான்தான் அக்கா, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் பாங்கு எழும்பியது. இரும்புக்கடையில் பக்கீர் முகைதீன் பிஸ்மில்லாஹ் என்றது கேட்டது. தெருவில் கோப்பைகள் தட்டுப்பட்டன.

குஞ்சம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள்.

"பாங்கு சொல்லுது. முதல்ல நீங்க நோம்பத் திறங்க தம்பி, ஆறுதலாத் திறங்க. நான் இருக்கன்."

கதிரையின் நுனியில் இருந்து பையின் வாயைத் திறந்தாள். கடதாசிகளை எடுத்து, மடியில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.